தருமபுரி ஜில்லாவில் இலவச டிஷ்ஷைத் தாமே நிறுத்திக்கொள்ளும் முறை

தருமபுரி ஜில்லாவில் ஊரை விட்டு விலகித் தோட்டத்திலேயே வீடு கட்டிக்கொண்டு வாழும் குடியானவர்கள் அநேகர். பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டமாயினும், பென்னாகரத்து மானாவாரிக் கொல்லையாயினும், ஒரே வீட்டின் பொருட்டு அவ்வளவு தூரம் கம்பி இழுத்துவரக் கேபிள்காரர் எளிதில் இசைவதில்லை. இசைந்தாலும் மாதந்தோறும் கட்டணம் உண்டு. முன்னாட்களில் மூங்கில் உச்சியில் மீன்முள் போன்ற ஆன்டெனாவைக் கட்டித் தொலைக்காட்சி பார்த்து வந்தவர்களுக்கும் அவ்வழி அடைபட்டுவிட்டது. தூர்தர்ஷன் தன் பழைய தரை ஒளிபரப்பு நிலையங்களில் பெரும்பாலானவற்றை 2022-ஆம் வருஷத்திற்குள் நிறுத்திவிட்டது.

இத்தகையோருக்கு ஏற்றது, பிரசார் பாரதி 2004-ஆம் வருஷம் டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்னும் பெயரில் ஆரம்பித்து, இப்பொழுது டிடி ஃப்ரீ டிஷ் என்று வழங்கும் சேவையாகும். இதற்குச் சந்தா கிடையாது. தட்டு, அதன் முன்னே நீண்ட கையில் அமரும் எல்.என்.பி. என்ற சிறு வாங்கி, கம்பி, செட்டாப் பெட்டி ஆகியவற்றுக்கு ஒரே தடவை பணம் செலவாகும்; அத்துடன் சரி. ஆகவே, “மாதம் இவ்வளவு ரீசார்ஜ் செய்தால்தான் ஃப்ரீ டிஷ் தெரியும்” என்று எவரேனும் பணம் கேட்டு வருவாராயின், அவர் ஏமாற்றுகிறார் என்றே கொள்ள வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் இதைத் தம் ஊராருக்குத் தெரிவிப்பது நலம்.

இதை நிறுத்துவதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. வேலிக்கால் நடவும், பம்புசெட்டுக் குழாயை முடுக்கவும் அறிந்த குடியானவர் எவரும் தாமே செய்துகொள்ளலாம். எனினும், தாமே முயன்று படம் வராமல் கைவிட்டவர்களும் உண்டு. அவர்களிடம் குறை யாதெனில், கைத்திறன் இன்மையன்று. அவர்கள் கைக்கொண்ட அளவு வேறு ஊருக்கு உரியதாயிருந்ததே. இச்சேவையின் நேயர்களில் மிகப் பலர் வடநாட்டார். ஆதலால் செய்முறைக் குறிப்புகளும் படங்களும் பெரும்பாலும் அந்நாட்டு வானத்தை வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை அப்படியே தருமபுரியில் கடைப்பிடிப்பது, வடக்கத்தி விதைப்புப் பருவத்தைப் பார்த்து இங்கே ராகி விதைப்பதை ஒக்கும்.

இச்சேவையைத் தாங்கி நிற்பது, 2015-ஆம் வருஷம் நவம்பர் 11-ஆம் தேதி தென் அமெரிக்காவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து விண்ணேறிய ஜிசாட்-15 என்னும் செயற்கைக்கோள். அது பூமத்திய ரேகைக்கு நேர்மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் பூமியோடு சேர்ந்து சுழல்வதால், நமக்கு அசையாமல் ஒரே இடத்தில் நிற்பது போலாகிறது. டெல்லியிலிருந்து நோக்கினால் அது தொடுவானத்திற்கு மேல் சுமார் 52 பாகை உயரத்தில், வடக்கிலிருந்து வலமாக எண்ணி 149-ஆம் பாகையில் இருக்கும். தருமபுரியிலிருந்து நோக்கினாலோ 67 பாகை உயரத்தில், 127-ஆம் பாகையில் இருக்கும். உயரத்தில் 15 பாகையும் திசையில் 20 பாகைக்கு மேலும் வித்தியாசம். இரண்டடித் தட்டின் பார்வை மொத்தம் 3 பாகைக்கு மேல் அகலம் உடையதன்று. கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு விரலின் அகலமே அது. டெல்லிக் கணக்கில் திருப்பிய தட்டுக்கு இங்கே வெறும் ஆகாயமே தெரியும். பென்னாகரம் முதல் அரூர் வரை ஜில்லா முழுவதற்கும் மேற்சொன்ன தருமபுரிக் கணக்கே போதும்; இடத்துக்கு இடம் ஒரு பாகை வித்தியாசம்கூட வராது.

127-ஆம் பாகை என்பது தென்கிழக்கு மூலைக்குச் சற்றுக் கிழக்கு. கைப்பேசியிலுள்ள திசைகாட்டி இதற்குப் போதும். ஆனால் இரும்புக் கம்பத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தால் அது பொய் சொல்லும். பத்தடி விலகி நின்று பார்க்க வேண்டும். திசைகாட்டி இல்லாதவர், மார்கழியில் சூரியன் உதிக்கும் இடத்தை நினைவில் கொண்டு, அதற்குத் தெற்கே ஒரு சாண் தள்ளிக் குறித்துக்கொள்ளலாம். கையை நீட்டி விரல்களை விரித்த அளவே இங்குச் சாண்.

இதனினும் திருத்தமான கருவி ஒன்று உண்டு, அது சூரியனே. வருஷத்தில் இரு முறை சூரியன் இச்செயற்கைக்கோளுக்கு நேர்பின்னே வருகிறது. தருமபுரிக்கு அந்நாட்கள் மார்ச்சு 15-ஆம் தேதியை ஒட்டிக் காலை 11 மணி 15 நிமிஷமும், செப்டம்பர் 28-ஆம் தேதியை ஒட்டிக் காலை 10 மணி 56 நிமிஷமும் ஆகும். அந்நேரத்தில் நேராக நட்ட பத்தடிக் கழி ஒன்றின் நிழல் சுமார் நாலேகால் அடி இருக்கும். நிழலின் நுனியிலிருந்து கழியின் அடிக்கு இழுக்கும் கோடே தட்டின் திசை. சூரியன் விரைந்து நகர்வதால் ஐந்து நிமிஷம் தவறினாலும் கோடு பிசகும். ஊராட்சி அலுவலக முற்றத்தில் இக்கோட்டை ஒரு தடவை சிமெண்டில் கீறி வைத்துவிட்டால், எக்காலத்திலும் ஊரார் எவரும் வந்து அதன்மேல் திசைகாட்டியை வைத்து ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். செலவு ஒன்றும் இல்லை.

நிழலே இடத்தையும் தேர்ந்து கொடுக்கும். மேற்படி நேரத்தில் எவ்விடத்தில் மரநிழல் விழுகிறதோ அவ்விடம் தட்டுக்கு உதவாது. மற்றக் காலங்களில், தட்டின் மட்டத்துக்கு மேல் மரம் எத்தனை அடி உயரமோ அதில் பாதித் தூரமாவது தென்கிழக்கில் விலகியிருந்தால் தடையில்லை. 40 அடித் தென்னையாயின் 20 அடி போதும். ஆனால் இன்றைய கன்று நாளைய மரம் என்பதைத் தோப்பு வைத்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. செயற்கைக்கோள் இங்கே மிக உயரத்தில் நிற்பதால், மலையடிவாரத்து ஊர்களிலும் மலை பெரும்பாலும் குறுக்கே வராது. கூரைமேல் ஏறவும் அவசியமில்லை. ஓட்டு வீட்டுக்காரர் ஓடுகளை மிதித்து உடைத்துக்கொண்டு மேலேறுவது வீண். முற்றத்தில் தரையிலேயே கம்பம் நட்டுக்கொள்ளலாம். வெள்ளாடு வந்து உராயாதபடி நான்கு முட்செடியை வளைத்து வைத்தால் சரி.

கம்பம் இரண்டு அங்குல இரும்புக் குழாயாயிருக்கட்டும். இரண்டடி ஆழக் குழியில் ஜல்லிக் கலவை இட்டு நிறுத்தி, தூக்குக் குண்டு கொண்டு இரு பக்கமும் பார்க்க வேண்டும். கம்பம் சாய்ந்திருந்தால் தட்டிலுள்ள பாகைக் குறிகள் யாவும் பொய்யாகிவிடும். படம் வராமைக்குக் காரணம் பெரும்பாலும் இச்சாய்வே. மேலே மின்கம்பி செல்லும் இடத்தில் இரும்புக் குழாயைத் தூக்கி நிமிர்த்தவே கூடாது. தொலைக்காட்சி இல்லாமல் வாழலாம்.

தட்டைக் கண்டு மருள வேண்டாம். இவ்வகைத் தட்டு தான் காட்டும் முகத்தின் நேரே பார்ப்பதில்லை. வகைக்கு ஏற்ப 20 முதல் 26 பாகை வரை அதற்கு மேலே பார்க்கிறது. ஆதலால் 67 பாகைக்குச் சரியாக நின்ற தட்டு, வானத்தை முழுவதும் அண்ணாந்து நோக்காமல், சுவரில் பாதி சாய்த்து வைத்த முறம் போலவே தோன்றும். தாங்கியில் பொறித்துள்ள பாகைக் குறிகள் பெரும்பாலும் இக்கழிவைச் சேர்த்தே பொறிக்கப்பட்டவை. அவற்றில் 67-ஐ வைத்து ஆரம்பிக்கலாம்.

இனி, சிறிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றைக் கம்பத்தருகே கொண்டுவந்து வைத்துக்கொள்வது உத்தமம். ஒருவர் வெளியே திருப்ப, மற்றவர் உள்ளிருந்து “வந்தது, போயிற்று” என்று கூவுவதில் அரை நாள் கழியும். கம்பியை மாட்டும்போதும் கழற்றும்போதும் செட்டாப் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தியிருக்க வேண்டும். கம்பியின் வழியே எல்.என்.பி.க்கு மின்சாரம் செல்வதால், நடுக்கம்பியும் வலைக்கம்பியும் தொட்டுவிட்டால் பெட்டி கெடும். திரையில் வலிமை, தரம் என இரண்டு அளவுகள் காட்டப்படும். வலிமை வெறும் ஆகாயத்துக்கும் ஓரளவு காட்டும், அதை நம்பலாகாது. தரம் ஏறுவதே செயற்கைக்கோள் அகப்பட்டதற்கு அடையாளம். தட்டை நெல்லளவு திருப்பி, மனத்துள் ஐந்து எண்ணி, அளவு ஏறுகிறதா என்று பார்த்து, மறுபடியும் நெல்லளவு திருப்ப வேண்டும். அவசரப்படுவோர் செயற்கைக்கோளைக் கடந்து போய்விடுவர். தரம் தெரிந்தபின், எல்.என்.பி.யையும் அதன் பிடியிலே சற்று இடமும் வலமும் முறுக்கி, எங்கே தரம் மிகுகிறதோ அங்கே நிறுத்தி, மரைகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். ஒன்றையே இறுக முடுக்கினால் தட்டு நகர்ந்துவிடும்.

புதிதாகப் பெட்டி வாங்குவோர் எம்பெக்-4 வகையைக் கேட்டு வாங்குக. பழைய எம்பெக்-2 பெட்டிகளில் சில அலைவரிசைகள் தெரியா. முன்பு சந்தா கட்டி, இப்போது கூரையில் சும்மா கிடக்கும் தனியார் டிஷ் இருப்பின், அது தம் சொந்தமாயின் அத்தட்டையே திருப்பி உபயோகிக்கலாம். பெட்டி மட்டும் புதிதாக வேண்டும். இடி மின்னல் காலத்துக்காகக் கம்பத்துக்குப் பம்புசெட்டுக்குக் கொடுப்பது போல எர்த் கொடுத்து, மேகம் கறுத்ததும் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட வேண்டும். கம்பி வீட்டுக்குள் நுழையுமிடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் உள்ளே வராமல் சொட்டிவிடும்.

1975-76-இல் நடந்த செயற்கைக்கோள் தொலைக்காட்சிப் பரீட்சையில், கர்நாடகம் உள்ளிட்ட 6 மாகாணங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குப் பத்தடி அகலமுள்ள கோழிவலைத் தட்டுகள் கொடுக்கப்பட்டன. தமிழ்நாடு அதில் சேரவில்லை. அன்று பத்தடி வேண்டியதற்கு இன்று இரண்டடி போதுகிறது. அன்றைய அலையின் நீளம் ஓரடிக்கு மேல். இன்றைய அலை ஓர் அங்குலமே. சிற்றலைக்குச் சிறு தட்டு போதும். ஆனால் சிற்றலையைக் கனமழை விழுங்கிவிடும். பெருமழையில் படம் சிதறுவது இதனால்தான்.

வாங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளல் நியாயம். இச்சேவையில் இந்தி அலைவரிசைகளே மிகுதி. 2015 மே 26-இல் விவசாயத்துக்கென்றே ஆரம்பிக்கப்பட்ட டிடி கிசானும் பெரும்பாலும் இந்தியிலேயே பேசுகிறது. தமிழ் மட்டும் அறிந்தவருக்குப் பெரிதும் பயன்படுவது, பொதிகை என்று வழங்கி 2024 ஜனவரி 19 முதல் டிடி தமிழ் ஆகிய அலைவரிசையே. தனியார் தமிழ்த் தொடர்கள் எல்லாம் இலவசமாக வரும் என்று எண்ணி வாங்கும் வீட்டில் ஒரு வாரத்துக்குள் சச்சரவு எழும். செய்தியும் பள்ளிப் பாடங்களும் போதும் என்பவருக்கு இது நல்ல பேரம்.

நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த படம், மார்ச்சு நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் முற்பகல் பதினொரு மணி அளவில் சில நிமிஷம் மறையும். செயற்கைக்கோளுக்குப் பின்னே வந்த சூரியனே அதற்குக் காரணம். அந்நேரத்தில் தட்டைத் தொட வேண்டாம்.