இளஞ்சிறாரும் கிரகித்தலும்

வாசித்தல் வேறு; வாசித்ததன் பொருளை உணர்தல் வேறு. கீழ்வகுப்பு மாணாக்கன் ஒருவன் பாடத்தைத் தடையின்றி உரத்து வாசித்து முடிக்கின்றான். ஆசிரியர் மகிழ்கின்றார், பெற்றோரும் மகிழ்கின்றனர். புத்தகத்தை மூடிவிட்டு, "நீ வாசித்தது யாது?" என வினவின் அவன் வாய் திறவான். இத்தகையோன் எழுத்தறியாதவனும் அல்லன். அறிவிற் குறைந்தவனும் அல்லன். ஓசையிலிருந்து பொருளுக்குச் செல்லும் வழி அவனுக்கு இன்னும் பழகவில்லை.

இக்குறை தொடக்க வகுப்புகளிற் பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. நாலாம் ஐந்தாம் வகுப்புகளிற் சமயம், சுற்றாடல், கணிதம் ஆகிய யாவும் வாசிப்பின் வாயிலாகக் கற்கப்படும்போதே அது தலைகாட்டுகின்றது. கூட்டலும் கழித்தலும் நன்கறிந்தவன் வசனக் கணக்கிலே தவறுகின்றான். அப்பொழுது அவனுக்குப் "படிப்பு ஏறாத பிள்ளை" என்னும் பெயர் சூட்டப்படுகின்றது. ஒருமுறை ஒட்டிய அப்பெயர் எளிதில் நீங்குவதன்று. ஆதலின் இக்குறையின் காரணங்களை ஆராய்ந்து இளமையிலேயே களைதல் கற்பிப்போர் கடனாகும்.

பிலிப் கவ், வில்லியம் தன்மர் என்னும் அறிஞர் இருவர் 1986இல் இதனைப் பற்றி எளியதொரு விளக்கம் தந்தனர். எழுத்தைச் சொல்லாக மாற்றும் ஆற்றல் ஒன்று. செவியாற் கேட்ட மொழியை விளங்கும் ஆற்றல் மற்றொன்று. இவ்விரண்டையும் பெருக்கி வருவதே வாசித்துணரும் ஆற்றல் என்பது அவர் கருத்து. கூட்டல் என்னாது பெருக்கல் என்றமை கருதத்தக்கது. ஒன்று பூச்சியமாயின் மற்றையது எத்துணைப் பெரிதாயினும் விடை பூச்சியமே.

இவ்விளக்கத்தினின்று ஒரு சோதனை பிறக்கின்றது. பார்வையிலும் செவிப்புலனிலும் குறையில்லையென முதலில் உறுதிசெய்துகொண்டு, ஆசிரியர் ஒரு சிறுகதையைத் தாமே வாசித்துக் காட்டி வினாவுதல் வேண்டும். கேட்டதை நன்கு விளங்கிய பிள்ளை, தானே வாசித்ததை விளங்காதாயின் குறை எழுத்துப் பயிற்சியிலுள்ளது. கேட்டதும் விளங்காதாயின் குறை மொழியறிவிலோ பொருளறிவிலோ உள்ளது. இவ்விரு திறத்தார்க்கும் ஒரே மருந்து பயன்படாது.

எழுத்துப் பயிற்சி குறைந்த பிள்ளையின் கவனம் முழுதும் எழுத்திலேயே செலவாகின்றது. வசனத்தின் இறுதிக்கு வருமுன் அதன் தொடக்கம் மறந்துபோகின்றது. தமிழில் எழுத்துகள் 247 என்பதோடு, சொற்கள் புணரும்போது உருமாறுதலும் இடர் விளைக்கும். "பால்", "குடம்" என்பவற்றைத் தனித்தனி அறிந்த சிறுவன் "பாற்குடம்" எனக் கண்டதும் திகைக்கின்றான். இத்தகைய சொற்களைப் பிரித்துக் காட்டுதலும், நீண்ட பாடத்தை ஒருமுறை வாசிப்பிப்பதை விடுத்துச் சிறுபகுதியைப் பன்முறை வாசிப்பித்தலும் நற்பயன் தரும்.

மொழியறிவுக் குறைக்கு வேறொரு காரணமுண்டு. சார்ள்ஸ் பெர்குசன் என்னும் மொழியியலறிஞர் 1959இல் விரித்துரைத்த இரட்டை வழக்கு நிலைக்குத் தமிழ் ஏற்ற எடுத்துக்காட்டாகும். யாழ்ப்பாணத்துச் சிறுவன் வீட்டிற் கேட்பது "போகேக்கை", "வருகினம்" என்பன. புத்தகத்திற் காண்பது "போகும்பொழுது", "வருகின்றார்கள்" என்பன. புத்தகத் தமிழ் அவனுக்கு ஓரளவு புதுமொழியே. ஆகவே அம்மொழியிலமைந்த கதைகளை நாள்தோறும் அவன் செவியிற் படச்செய்தல் வேண்டும். கேட்டதை அவன் தன் பேச்சு வழக்கிலே திருப்பிச் சொல்லும்போது இடைமறித்துத் திருத்தலாகாது. பொருள் முதலில் வருக. வடிவம் பின்னர்த் திருந்தும்.

பொருளறிவின் வலிமையை 1988இல் டொனா ரெக்ட், லோரன் லெஸ்லி என்போர் அமெரிக்க மாணவரிடம் நடத்திய ஆய்வு காட்டுகின்றது. பேஸ்போல் விளையாட்டைப் பற்றிய பகுதியொன்றை அம்மாணவர் வாசித்தனர். வாசிப்பில் வல்லவராயினும் அவ்விளையாட்டை அறியாதாரைக் காட்டிலும், வாசிப்பில் மெலியராயினும் அதனை நன்கறிந்தாரே மிகுதியாக நினைவிற் கொண்டனர். பனிமழையைக் கண்டிராத பிள்ளைக்குப் பனிமழை பற்றிய பாடமும், பனங்கூடலைக் கண்டிராத பிள்ளைக்குப் பனங்கிழங்கு பற்றிய பாடமும் வெற்றோசையாய் முடியும். பாடத்தைத் தொடங்குமுன் படங்காட்டியும் உரையாடியும் களத்தைப் பண்படுத்தல் இன்றியமையாதது.

இவையெல்லாம் அமைந்தும் சிலர் இடர்ப்படுவர். "கந்தன் குடையை மடக்கித் திண்ணையிற் சாத்தினான். அதிலிருந்து நீர் சொட்டியது." இவ்வசனங்களை வாசித்தவனிடம், "வெளியே மழை பெய்ததா?" என வினவின், "புத்தகத்தில் அப்படி இல்லை" என்பான். சொல்லாததைச் சொன்னதிலிருந்து உய்த்துணரும் பழக்கம் அவனுக்கில்லை. "அதிலிருந்து" என்பது குடையைச் சுட்டுதலையும் அவன் கவனித்திரான்.

இக்குறையை வளர்ப்பன பெரும்பாலும் வகுப்பறை வினாக்களே. "மிலங்கன் தூவாரைச் சொம்பினான்" எனப் பொருளற்ற வசனமொன்றை எழுதி, "மிலங்கன் எதனைச் சொம்பினான்?" எனக் கேட்டால், "தூவாரை" எனச் சரியான விடை கிடைக்கும். விளங்காமலே விடை எழுதலாமாயின் அவ்வினா கிரகித்தலை அளப்பதன்று. ஆதலின், "ஏன்?", "எவ்வாறு அறிந்தாய்?", "இனி என்ன நிகழும்?" என்னும் வினாக்கள் வேண்டும். விடைக்குச் சான்றான சொல்லை மாணாக்கன் பாடத்திலே தொட்டுக் காட்டுதலும் வேண்டும்.

எழுத்தை வாசித்தும் பொருளுணராத மாணவர்க்கென அன்மேரி பலின்சார், ஆன் பிரௌன் என்போர் 1984இல் ஒரு முறையை வெளியிட்டனர். சிறுகுழுவாக அமர்ந்து ஒரு பகுதியை வாசித்தபின் அதனைச் சுருக்கிக் கூறல், அதிலிருந்து வினா எழுப்பல், விளங்காததைத் தெளிதல், அடுத்து வருவதை முன்னுணர்தல் என்பன அதன் நான்கு உறுப்புகள். முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார். பின்னர் மாணாக்கர் ஒவ்வொருவராக ஆசிரியர் இடத்தை ஏற்பர். அம்முறையாற் பயின்றோர் கிரகித்தலில் முன்னேறினர். நன்னூலார் பொதுப்பாயிரத்திலே கேட்டவற்றைச் சிந்தித்தல், ஒத்தாரோடு பயிலல், வினாவுதல், வினாவியவற்றுக்கு விடை கூறல் என்பவற்றை நூல் பயிலும் இயல்பாக வகுத்தமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. தமிழ் மரபுக்கு இம்முறை அயலானதன்று.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நாள்தோறும் ஒரு சிறு பொழுதும், பிள்ளையின் விடைக்காகக் காத்திருக்கும் பொறுமையும் போதும். பெற்றோரும், "எத்தனை பக்கம் வாசித்தாய்?" என்பதற்கு மாறாக, "அந்தக் கதையைச் சொல், கேட்போம்" என்பாராயின் பேருதவி புரிந்தவராவர். விளங்காதபோது "விளங்கவில்லை" என அஞ்சாது கூறும் பிள்ளையே கிரகித்தலின் முதற்படியில் ஏறிய பிள்ளை. அவ்வச்சத்தை நீக்குதலே கற்பிப்போர் செய்யவேண்டிய முதற்பணி.