உங்களுக்குத் தெரியுமா? தத்தெடுத்தால் வரி குறையும்!

அமெரிக்காவில் குழந்தையைத் தத்தெடுப்பவர்கள், அந்தச் செலவைக் கட்டவேண்டிய வருமான வரியிலேயே கழித்துக்கொள்ளலாம். 2025 வரியாண்டில் ஒரு குழந்தைக்கு உச்சவரம்பு 17,280 டாலர். வருமானம் மிக அதிகமானால் சலுகை குறையும்.

● வக்கீல் ஃபீஸ், கோர்ட் செலவு, குழந்தையை அழைத்துவரப் போகும் விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கணக்கில் சேரும். நிரப்பவேண்டிய படிவம் 8839.

● 2025 முதல், கட்டவேண்டிய வரி குறைவாக இருந்தாலும் 5,000 டாலர் வரை பணமாகவே திரும்பக் கிடைக்கும். மீதியை அடுத்த 5 ஆண்டுகளில் கழிக்கலாம்.

● உள்நாட்டுத் தத்தெடுப்பு பாதியில் நின்றுபோனாலும் செலவைக் கோரலாம்.

● ‘சிறப்புத் தேவையுள்ள குழந்தை’ என்று மாநில அரசு முடிவுசெய்திருந்தால், தத்து முடிந்ததும், செலவே ஆகாவிட்டாலும் முழுத் தொகையையும் கோரலாம். எளிதில் வீடு கிடைக்காத பிள்ளைகளுக்கான அருமையான ஏற்பாடு இது!