ஆண்களின் இடுப்புக்குழி வலியும் குழந்தைப்பேறு பற்றிய அச்சமும்

திருமணமாகி இரண்டு வருடங்கள் கடந்தும் வீட்டில் தொட்டில் ஆடவில்லையெனில், முதலில் வைத்தியரிடம் அழைத்துச் செல்லப்படுபவள் மனைவியே. தமிழர் வீடாயினும் முஸ்லிம் வீடாயினும் இவ்விடயத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. அதே வீட்டில் கணவனுக்கு அடிவயிற்றிலும் விதைகளுக்குப் பின்புறமாகவும் மாதக்கணக்கில் ஒரு வலி இருந்து வருவதை அந்த மனைவிகூட அறியாதிருக்கலாம். சலக்கடுப்பு என்றும் உடற்சூடு என்றும் தாமே பெயரிட்டுக்கொண்டு அவர் இளநீரும் வெந்தயமும் அருந்திப் பார்க்கிறார். பின்னர் மருந்தகத்தில் யாரோ கூறிய குளிசைகளை வாங்கி விழுங்குகிறார். இந்த வலிதான் தம்மைத் தந்தையாகவிடாது தடுக்கிறதோ என்ற அச்சம் மாத்திரம் வெளியில் வராமல் உள்ளேயே அரித்துக்கொண்டிருக்கிறது. அந்த அச்சத்தில் எவ்வளவு உண்மை உள்ளது என்பதையே இங்கு நாம் நோக்க முற்படுகின்றோம்.

முன்னிற்கும் சுரப்பி எனப் பாடநூல்கள் குறிப்பிடும் புரொஸ்டேட், சிறுநீர்ப்பைக்குச் சற்றுக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்துள்ளது. இளவயதினரில் ஏறத்தாழ ஒரு பெரிய நெல்லிக்காயின் அளவினது. விந்துப் பாயத்தில் ஏறக்குறைய கால்பங்கு இதிலிருந்தே சுரக்கின்றது. வெளியேறி உறைந்த விந்து மீண்டும் இளகி, விந்தணுக்கள் தடையின்றி நீந்துவதற்கும் இச்சுரப்பே உதவுகின்றது. ஆனால் விந்தணுக்கள் உற்பத்தியாவது இங்கல்ல, விதைகளிலேயே. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் அச்சத்தில் ஒரு பகுதி அப்போதே விலகிவிடும்.

புரொஸ்டேட் அழற்சியை அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்கள் 1995இல் நான்கு வகைகளாகப் பிரித்தன. கடும் காய்ச்சலுடனும் நடுக்கத்துடனும் திடீரெனத் தோன்றுவது முதலாவது வகை. இதில் ஒரு நாளும் தாமதிக்காது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். பக்டீரியாக் கிருமிகள் சுரப்பியில் தங்கி மீண்டும் மீண்டும் தொற்றை உண்டாக்குவது இரண்டாவது வகை. கடந்த ஆறு மாதங்களில் குறைந்தது மூன்று மாதங்கள் வலி இருந்தும், பரிசோதனையில் கிருமி எதுவும் அகப்படாத நிலை மூன்றாவது வகை. நான்காவதில் நோயாளி எதையும் உணர்வதில்லை. வேறொரு காரணத்துக்காகச் செய்யப்படும் பரிசோதனையிலேயே அது தெரியவருகின்றது. வலியுடன் வைத்தியரை நாடுவோரில் 90 வீதத்திற்கும் அதிகமானோர் மூன்றாவது வகையைச் சேர்ந்தவர்களாவர். அதாவது அவர்களைத் துன்புறுத்துவது கிருமித் தொற்றல்ல.

அவ்வாறாயின் வலி எங்கிருந்து வருகின்றது? ஒரே விடை இல்லை. இடுப்புக்குழியின் அடித்தளத்தில் ஊஞ்சல்போல் விரிந்துள்ள தசைகள் எந்நேரமும் இறுகியிருத்தல், நரம்புகள் அளவுக்கு மீறி உணர்ச்சியுறுதல், முன்னர் ஏற்பட்டு ஆறிய தொற்றின் எச்சம், மனவழுத்தம் ஆகியன ஒவ்வொருவரிலும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கின்றன. நீண்ட நேரம் அமர்ந்து வாகனம் ஓட்டுவோருக்கு வலி கூடுவதுண்டு. விந்து வெளியேறும்போதோ அதன் பின்னரோ வலித்தல், சிறுநீர் கழித்த பின்னரும் சொட்டுச் சொட்டாகக் கசிதல் என்பனவும் இதன் குறிகளே. வுழூச் செய்துவிட்டுத் தொழுகைக்கு நிற்கும் ஒருவருக்கு இக்கசிவு எத்தகைய மனவுளைச்சலைத் தரும் என்பதை முஸ்லிம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இளமையிற் செய்த சுயஇன்பத்தின் தண்டனையே இவ்வலி எனக் கூறிப் பணம் கறப்போரும் உளர். அக்கூற்றுக்கு மருத்துவ ஆதாரம் எதுவுமில்லை.

கிருமியற்ற வலிக்குக் கிருமிகொல்லி மருந்து கொடுப்பதே இந்நோயின் வரலாற்றில் மிக நீண்டகாலமாக நடந்துவரும் தவறாகும். வட அமெரிக்காவில் 196 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஓர் ஆய்வில், சிப்ரோபுளொக்சசின் குளிசையை ஆறு வாரங்கள் உட்கொண்டவர்கள், மருந்தற்ற போலிக் குளிசையை உட்கொண்டவர்களைவிடக் குறிப்பிடத்தக்க நன்மை எதையும் பெறவில்லை. இவ்வகை மருந்துகள் தசைநாண்களையும் நரம்புகளையும் பாதிக்கக்கூடும் என்பதால், கிருமியற்ற நாட்பட்ட புரொஸ்டேட் அழற்சிக்கு அவற்றைப் பயன்படுத்தலாகாது என ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் 2018இல் வெளிப்படையாகவே அறிவித்தது. அப்படியிருந்தும் வைத்தியரின் சிட்டையின்றி, சிறுநீர்ப் பரிசோதனையுமின்றி இதே குளிசையை வாங்கி விழுங்குவோர் எம்மத்தியில் இருக்கவே செய்கின்றனர்.

இனிக் குழந்தைப்பேறு பற்றிய வினாவுக்கு வருவோம். நாட்பட்ட இடுப்புக்குழி வலியுள்ளவர்களில் விந்தணுக்களின் அசைவும் இயல்பான வடிவமுடையவற்றின் வீதமும் சராசரியாகச் சற்றுக் குறைந்திருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன; ஆய்வுகளின் முடிவுகள் ஒரே சீரானவையல்ல. சராசரி குறைவதும் மலடாவதும் ஒன்றல்ல. இவ்வலியுள்ள ஒருவரைப் பார்த்து, வலியை மட்டும் காரணங்காட்டி 'உமக்குப் பிள்ளை பிறக்காது' எனக் கூற எவருக்கும் முடியாது.

உண்மையான ஆபத்து வேறிடங்களில் உள்ளது. கிளமிடியா, கொணோரியா போன்ற பாலியல் தொற்றுகள் விதையின் பின்புறமாகச் சுருண்டுள்ள குழாயைத் தாக்கி, விந்தணுக்களின் பாதையையே அடைத்துவிடலாம். இதற்கு உரிய கிருமிகொல்லி கட்டாயம் வேண்டும். மனைவிக்கும் சேர்த்தே சிகிச்சையளிக்கப்பட வேண்டும். எமது நாட்டில் அரசாங்கத்தின் பாலியல்நோய் சிகிச்சை நிலையங்களில் இது இலவசமாகவும் இரகசியமாகவும் செய்யப்படுகின்றது. மருந்துகளிலும் அவதானம் தேவை. சிறுநீர் தடையின்றிப் போவதற்குக் கொடுக்கப்படும் டம்சுலோசின், சிலரில் விந்து வெளியேறும் அளவைக் குறைத்துவிடும். நிறுத்தினால் அது சீராகும். அதைவிடப் பாரதூரமானது, 'ஆண்மை கூடும்' என நம்பி ஏற்றிக்கொள்ளும் டெஸ்டொஸ்டிரோன் ஊசி. அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடியது. மீண்டும் பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் செல்லும். பிள்ளை வேண்டும் என்பதற்காகவே அந்த ஊசியை நாடுவோரை என்னவென்பது!

வேறொன்றையும் குறிப்பிட வேண்டும். விந்து வெளியேறும்போது வலிக்கும் என்ற பயத்தினால் கணவன் மனைவியை நெருங்காமலே ஒதுங்குவதுண்டு. மனைவியிடம் காரணமும் சொல்வதில்லை. அங்கே தடைப்படுவது கருத்தரிப்பதற்கான வாய்ப்பே. கருத்தடையின்றி ஒழுங்காகக் கூடி வாழ்ந்தும் 12 மாதங்களில் கருத்தரிக்காதபோதே மருத்துவம் அதனைக் கருவளக் குறைபாடாகக் கொள்கின்றது. திருமணமாகி மூன்று வருடங்களானாலும், மத்திய கிழக்கிலிருந்து விடுமுறையில் வந்து ஒரு மாதம் தங்கிச் செல்பவருக்கு அந்தப் பன்னிரண்டு மாதங்கள் இன்னும் பூர்த்தியாகவில்லை. உறவினர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

குழந்தையில்லாத தம்பதியினரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரில் ஆணின் பங்கும் ஒரு காரணமாக உள்ளது. விந்துப் பரிசோதனை வலியற்றது, எளிதானது. இரண்டு முதல் ஏழு நாட்கள் விந்து வெளியேறாதிருந்து மாதிரியைக் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கைந்நூலின்படி, மில்லிலீற்றருக்கு 16 மில்லியன் விந்தணுக்களும், அவற்றில் 42 வீதம் அசைவுடையனவாகவும் இருத்தல் கீழ் எல்லையாகும். எல்லைக்குக் கீழே வந்தாலும் ஒரே அறிக்கையைக் கொண்டு முடிவு கட்டலாகாது. ஒரு விந்தணு உருவாகி வெளிவரச் சுமார் மூன்று மாதங்கள் எடுப்பதால், இரண்டு மாதங்களுக்கு முன் வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய அறிக்கையைக் கெடுத்திருக்கலாம்.

வலிக்கான சிகிச்சையில் இன்று ஒரே மருந்தை எல்லோருக்கும் கொடுக்கும் வழக்கம் மாறி வருகின்றது. தசை இறுக்கம் உள்ளவருக்கு இயன்மருத்துவரின் பயிற்சி, சிறுநீர்த் தடை உள்ளவருக்கு அதற்குரிய குளிசை, மனவழுத்தம் உள்ளவருக்கு உளவளத்துணை என ஆளுக்கேற்பவே அது அமைகின்றது. பெரும்பாலானோருக்கு வலி படிப்படியாகவே தணியும்.

மனைவியின் கருக்குழாய்களைச் சோதிப்பதற்குச் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சில வேளைகளில் மயக்க மருந்து கொடுத்து வயிற்றில் துளையிட்டும் பார்க்க வேண்டியிருக்கும். இவற்றுக்கு நாள் குறிப்பதற்கு முன்னரே கணவனின் விந்துப் பரிசோதனை அறிக்கை வைத்தியரின் மேசையில் இருக்க வேண்டும். அந்த முதல் நாளில் கணவனும் உடன் சென்று, தமது வலியையும் அதுவரை விழுங்கிய குளிசைகளின் பெயர்களையும் மறைக்காது கூறுவாராயின், சிறுநீர்த்தொகுதி சத்திரசிகிச்சை நிபுணரிடம் அவரை அனுப்புவதா, இல்லையா என்பதை வைத்தியர் அன்றே தீர்மானித்துவிடுவார்.