கணையப் புற்றுநோயில் எக்சோசோம் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் பங்கு

கணையம் இரைப்பைக்குப் பின்னால் வயிற்றின் ஆழத்தில் அமைந்த உறுப்பாகும். அதில் தோன்றும் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை. மஞ்சள் காமாலை, எடைக்குறைவு முதலியன தென்படும்போது பலருக்கு அது அறுவைச் சிகிச்சையின் எல்லையைக் கடந்திருக்கும். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஐந்தாண்டுகள் உயிர்வாழ்வோர் நூற்றுக்கு 13 பேரே. எனவே, இந்நோயைக் காலத்தே அறிவது எவ்வாறு என்பதே முதன்மையான வினா. அதற்கு எக்சோசோம் ஆய்வு எந்த அளவுக்கு விடை தருகிறது என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

எக்சோசோம் என்பது உயிரணு தன்னுள் உருவாக்கி வெளியே விடும் நுண்ணிய பை. அதன் விட்டம் ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர். 1980களில் முதிராச் சிவப்பணுக்களில் இதனைக் கண்ட ஆய்வாளர்கள், வேண்டாத புரதங்களை அகற்றும் வழியென்றே கருதினர். 2007இல் சுவீடன் நாட்டு கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தார், இப்பைகள் ஆர்.என்.ஏ.க்களைச் சுமந்து பிற உயிரணுக்களிடம் சேர்ப்பதைக் காட்டினர். கழிவுப்பை என எண்ணப்பட்டது தூதுப்பை என்னும் நிலையைப் பெற்றது.

அது சுமக்கும் செய்திகளுள் ஒன்று மைக்ரோ ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகளே கொண்ட இது, புரதம் ஆக்குவதற்கான தூது ஆர்.என்.ஏ.வுடன் இணைந்து அதன் பணியைத் தடுக்கிறது. 1993இல் ஒரு சிறு புழுவில் இதன் இயல்பை வெளிப்படுத்திய விக்டர் அம்புரோஸ், கேரி ருவ்குன் இருவரும் 2024இல் நோபல் பரிசு பெற்றனர்.

புற்றணுக்கள் இத்தூதைத் தமக்குச் சாதகமாக்கிக் கொள்கின்றன. ஜெம்சிட்டபின் மருந்துக்கு ஆட்பட்ட கணையப் புற்றணுக்கள் மைக்ரோ ஆர்.என்.ஏ.-155 அடங்கிய எக்சோசோம்களை வெளியிட்டு, அருகிலுள்ள புற்றணுக்களுக்கும் மருந்தைத் தாங்கும் ஆற்றலை அளிப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன.

ஆயினும், நோயைப் பரப்பும் அத்தூதே நோயைக் காட்டிக்கொடுக்கவும் கூடும். எக்சோசோமின் உறை, குருதியிலுள்ள நொதிகளிடமிருந்து ஆர்.என்.ஏ.வைக் காக்கிறது. இன்று வழக்கிலுள்ள சி.ஏ.19-9 சோதனையோ பித்தநாள அடைப்பிலும் உயர்ந்து காட்டும். லூயிஸ் குருதிவகைக் கூறு இல்லாதாரிடம் பயன்படாது.

எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. கணையப் புற்றில் மிகும் மைக்ரோ ஆர்.என்.ஏ.-21 நுரையீரல், மார்பகம், பெருங்குடல் புற்றுகளிலும் மிகுகிறது. எக்சோசோமைப் பிரிக்கும் முறையும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடுகிறது. அரிதான நோய்க்குத் துல்லியமற்ற சோதனையை எல்லார்க்கும் செய்தால், நோயில்லாதாரே மிகுதியாக அச்சத்துக்கு உள்ளாவர். ஆகவே, பல மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை ஒருசேர நோக்குவதும், குடும்பத்தில் இந்நோய் கண்டோர், நடுவயதுக்குப் பின் திடீரென நீரிழிவுற்றோர் ஆகியோரிடம் முதலில் ஆய்வதுமே பொருத்தமான நெறி எனக் கருதுகிறோம்.