முன்சக்கர வில்லும் மூட்டைப் பாரமும்

கூட்டாகச் சரக்கு வண்டி வாங்க எண்ணும் அங்கத்தினர்கள் விலையையும் எரிபொருட் செலவையும் விசாரிக்கின்றனர். முன்சக்கரங்கள் எதன்மீது நிற்கின்றன என்று கேட்போர் சிலரே. மேட்டூரிலிருந்து தார்ச்சாலையில் சேலத்திற்கு நூல் மூட்டை கொண்டுசெல்லும் வண்டிக்கும், மரவள்ளிக் காட்டிற்குள் இறங்கும் வண்டிக்கும் வேண்டிய முன்பாகம் ஒன்றல்ல.

2016-ல் வெளிவந்த மாருதி சூப்பர் கேரி இலேசு ரகம்; சுமார் முக்கால் டன் ஏற்றும். இதன் முன்சக்கரம் ஒவ்வொன்றும் சுருள்வில் பொருத்திய தனித்தண்டில் நிற்கிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது சாய்வதில்லை. வெறும் வண்டியாகத் திரும்பும்போதும் ஓட்டுநரின் இடுப்பு தப்பும்.

2011-ல் ஒன்றேகால் டன் பாரத்திற்கென வந்த அசோக் லேலண்ட் தோஸ்த்தில் இரு முன்சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு இணைக்கிறது. அச்சின்மேல் பட்டை ஸ்பிரிங் அமர்ந்திருக்கிறது. நம் பாட்டனார் ஏறிச்சென்ற வில்வண்டியின் தத்துவமே இது. ஒரு வித்தியாசம்: இக்காலத்துப் பட்டை நடுவில் தடித்து முனைகளில் மெலிந்திருப்பதால் சில பட்டைகளே போதும், உராய்வும் குறைவு. பாரமில்லாதபோது தூக்கிப்போடும் என்பது மெய்யே. ஆனால் பாரம் ஏறினாலும் நடு அச்சிற்கும் தரைக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் மாறாது. தனித்தண்டு வண்டியிலோ உடலோடு அடிப்பாகமும் தாழ்ந்துவிடும். வரப்பு ஏறுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

உருவம் சிறியதாயின் முன்பாகமும் மென்மையானதாக இருக்கும் என எண்ணற்க. 2005-ல் வந்த டாட்டா ஏஸ், நாம் ‘குட்டி யானை’ என்றழைப்பது, முன்னாலும் பட்டையே கொண்டது. அமெரிக்காவில் ஃபோர்டு எஃப் 150 தனித்தனி முறையிலும், அதனினும் பாரமான எஃப் 250-ன் நான்குசக்கர இயக்க வண்டி ஒரே அச்சிலும் ஓடுகின்றன.

இங்கு ஒரு பழக்கத்தைக் கண்டிக்காமல் இருக்க இயலவில்லை. பின்புறம் ஒரு பட்டை கூட்டிவிட்டால் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று சிலர் துணிகின்றனர். பட்டை கூடினாலும் பிரேக்கும் சட்டமும் பழையவையே. மூட்டைகள் பின்அச்சிற்கு அப்பால் நீண்டால் முன்பாகம் இலேசாகி, ஸ்டீரிங் பிடிக்குள் நிற்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மிகைப்பாரத்திற்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. வண்டி பொதுவாயின் அப்பணமும் பொதுப்பணமே.

பழைய வண்டி பார்க்கச் செல்வோர், தனித்தண்டு வண்டியில் முன்டயரின் உள்விளிம்பு தேய்ந்துள்ளதா என்றும், பட்டை வண்டியில் முறிந்த பட்டையோ தேய்ந்த புஷ்ஷோ உண்டா என்றும் குனிந்து பார்த்த பின்னரே முன்பணம் கொடுப்பாராக.