கணினியில் ஹெட்செட் ஒலிக்கிறது. மைக் மட்டும் இயங்கவில்லையா? காரணம் இதுதான்

பெங்களூரு: கைப்பேசியில் நன்றாக இயங்கும் ஹெட்செட்டை வீட்டுக் கணினியில் பொருத்தினால், சில நேரங்களில் எதிர்முனையில் இருப்பவரின் குரல் கேட்கும், பேசுபவரின் குரல் மட்டும் அங்கு சென்று சேராது. வீட்டிலிருந்தே பணிபுரிவோர் நிறைந்த பெங்களூருவில், இணையவழி நேர்காணல் தொடங்கும் வேளையில் இச்சிக்கல் ஒருவரின் வேலைவாய்ப்பையே பாதிக்கக்கூடும்.

பெரும்பாலும் ஹெட்செட்டில் பழுது இருப்பதில்லை. அதன் 3.5 மி.மீ. பிளக்கில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால், இடது ஒலி, வலது ஒலி, மைக், பொது இணைப்பு என நான்கு இணைப்புகள் உள்ளதாகப் பொருள். இரண்டு வளையங்கள் மட்டுமே கொண்ட ஹெட்போன் பிளக்கில் மைக் இணைப்பு இராது.

மேசைக் கணினிகளிலோ இவை தனித்தனித் துளைகளாகவே அமைந்திருக்கும். பச்சை நிறத் துளை ஹெட்போன், ஸ்பீக்கருக்கு உரியது, இளஞ்சிவப்பு மைக்கிற்கு, நீலம் பிற கருவிகளின் ஒலியை உள்வாங்குவதற்கு. நான்கு இணைப்பு பிளக்கைப் பச்சைத் துளையில் செருகினால் ஒலி மட்டுமே கேட்கும்.

இதற்குத் தீர்வு, ஒலியையும் மைக்கையும் பிரித்துத் தரும் ஸ்பிளிட்டர். பெங்களூரு எஸ்.பி. சாலை போன்ற மின்னணுச் சந்தைகளில் இதனை வாங்கலாம். இரண்டு ஹெட்போன்களை இணைக்கும் ஸ்பிளிட்டரும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் என்பதால், மைக் குறியீட்டைச் சரிபார்த்து வாங்க வேண்டும். ஹெட்செட் குறியீடு கொண்ட ஒற்றைத் துளை மடிக்கணினிகளுக்கு இது தேவையில்லை.

பொருத்திய பின்னர், கணினியின் ஒலி அமைப்புகளில் சரியான மைக் தேர்வாகியுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். யு.எஸ்.பி. ஹெட்செட்டுக்கு ஒரே துளை போதும். புளூடூத் ஹெட்செட்டில் மைக் இயங்கும்போது பொதுவாக இசையின் தரம் குறையும், அது பழுதன்று.