கொம்புத் திருக்கைகளுள் சிறியவை

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் ஆட்டுத்தோலுக்கும் மாட்டுத்தோலுக்கும் தரங்காணாத குடியானவர் அரியர். ஆயினும் உப்பிட்டுச் சந்தைக்கு வரும் திருக்கைக் கருவாடு எவ்வினத்ததென அறிவோர் சிலரே. துண்டமிட்டபின் கடலோரத்தாருக்கும் அது எளிதன்று. முழுமீனில்தான் குறிகள் தெளிவாக விளங்கும்.

கொம்புத் திருக்கையின் தலையில் இரு மடல்கள் கொம்பெனத் துருத்தி நிற்கும். அவை முட்டுவதற்கானவை அல்ல. இரையுண்ணுங்கால் விரிந்து, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வாய்க்குள் செலுத்தும். செவுள்களிலுள்ள சல்லடைத் தட்டுகள் அவற்றை வடித்துக்கொள்ளும். இக்குடும்பத்துப் பெரிய ஆனைத் திருக்கை 20 அடிக்கு மேலும் அகலும். இங்குக் கூறும் சிற்றினங்கள் இரண்டும் சுமார் 4 அடியளவே.

அவற்றுள் ஒன்று கூல் என்னும் அறிஞர் பெயரால் 1841இல் விவரிக்கப்பட்டது. அதன் கொம்பு குட்டை. முதுகுத் துடுப்பின் நுனி வெண்மை. மற்றதன் கொம்பு நீளம். துடுப்பு நுனியில் வெண்மையில்லை. அடிப்புறத்தில் இறக்கையின் முன்விளிம்பையொட்டிக் கருமை படர்ந்திருக்கும். இரண்டின் வாலிலும் முள்ளில்லை. கைப்பிடிகளுக்கும் பைகளுக்கும் நாடப்படும் முத்துப்பதித்தாற்போன்ற தோல், வால்முள்ளுடைய வேறு திருக்கைகளினுடையது. தோல் வாங்குவோர் இதனை மயங்கவேண்டா.

நீளக்கொம்பினத்தின் அறிவியற் பெயர் ‘எரெகூடூ’ என்பது. கும்பினியார் பணியிலிருந்த வைத்தியர் பாட்ரிக் ரஸ்ஸல் விசாகப்பட்டினத்து மீன்களைப்பற்றி 1803இல் வெளியிட்ட நூலில் குறித்த உள்ளூர்ப் பெயரே அதன் மூலம். 2017இல் அறிஞர் சிலர் இரண்டும் ஓரினமே என்று சேர்த்தனர். சில ஆண்டுகளுக்குள் வேறென்று மீண்டும் பிரித்தனர். கரையோரத்தார் இட்ட பெயர் அவ்வாறு நிலைத்தது.

இவை முட்டையிடுவதில்லை. கரு தாயின் வயிற்றிலேயே பால்போன்ற ஊட்டநீரை உண்டு வளர்ந்து, இறக்கைகளைச் சுருட்டியவாறு பிறக்கும். ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒரு குட்டியே. அகலம் சுமார் 1 அடி. சாளைமீன் பல்லாயிரம் முட்டையிடுவதால் பிடிபட்டதை விரைவில் ஈடுசெய்யும். கொம்புத் திருக்கையோ, கன்றீனும் பசுவை ஒத்தது. சினைப்பசுவைக் கசாப்புக்கு விற்கும் குடியானவன் மந்தையைப் பெருக்குவதெங்ஙனம்?

இறைச்சி மலிவாகவே விலைபோயினும், உலர்த்திய செவுள் தட்டுகளைச் சீன வைத்தியத்தின் பொருட்டு அயல்நாட்டார் நல்ல விலைக்கு வாங்கியமையால் பிடிப்பு மிகுந்தது. ஆகவே 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய பன்னாட்டு மாநாடு, கொம்புத் திருக்கை இனங்கள் அனைத்தையும் வணிகக் கட்டுப்பாட்டுக்குரிய பட்டியலிற் சேர்த்தது. செவுள் தட்டைத் தனியே காண்போர்க்கு இனம் புலப்படாது. வெட்டுமுன் முதுகுத் துடுப்பின் நுனியையும் கொம்பின் நீளத்தையும் குறித்துக்கொள்வதே வழி.